மொய் விருந்துகளுக்கு நடுவே ஒரு தோஹா மெயில்

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு மொய் விருந்து அழைப்பு வந்தது. விருந்து வைக்கிற குடும்பத்துக்காரர்கள் எல்லாரும் வரிசையாகக் கைகூப்பி நிற்கிற படம். ஆடி பிறந்தால் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். எனக்கு மட்டும் இந்தப் படங்களைப் பார்த்தால் ஜெஸி ஞாபகம் வந்து வயிறு எரியும்.

திருமயம் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் ஜெஸியும் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மெயில் வரவில்லை என்று யாராவது கத்தினால், எங்கே நிற்கிறது என்று தேடி அனுப்பிவைக்க வேண்டும். நான் காலை முழுக்கத் தேடுவதை அவள் டீ ஆறுவதற்குள் கண்டுபிடிப்பாள். வருகிறவர்கள் எல்லாம் "ஜெஸி இருக்காங்களா?" என்றுதான் கதவைத் திறப்பார்கள். நான் என்ன, அங்கே கிடந்த நாற்காலியா?

ஓர் ஆடியில் கல்லூரி மெயிலில் மொய் விருந்துப் படங்களாக வந்து குவிந்தன. "இதையெல்லாம் நிப்பாட்டுங்கம்மா, பரீட்சை மெயிலே உள்ள வர மாட்டேங்குது" என்றார் முதல்வர். வெளியிலிருந்து பெரிய இணைப்போடு வருகிற எதையும் நிறுத்திவைக்கும்படி ஜெஸிதான் விதி எழுதினாள். நிறுத்தியதில் நல்லது இருந்தால் நாங்கள் பார்த்து விடுவிக்க வேண்டும்.

அப்போது இரண்டு பேரும் தோஹாவில் ஒரே கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தோம். கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பினால் கௌரவம் என்று எண்ணம்! ஜெஸி லீவு போட்டு அன்னவாசல் போயிருந்த அன்றைக்கு, நிறுத்திய பட்டியலில் அந்தக் கம்பெனியின் மெயில் நின்றது. அவள் பெயருக்கு. வேலை உத்தரவு, நாளைக்குள் பதில் தேவை என்று தலைப்பிலேயே இருந்தது.

அவள் எழுதிய விதியிலேயே அவள் வேலை மாட்டிக்கொண்டது. நான் சும்மா இருந்தாலே போதும். சும்மாத்தான் இருந்தேன், மத்தியானம் வரைக்கும். என் பெயருக்கு ஏதாவது நிற்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. புளிச்சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். "போய்த் தொலை" என்று விடுவித்தேன்.

சாயங்காலம் போன். "வந்துருச்சுடி! ஒனக்கும் வந்துரும். எங்கிட்டாவது நின்னுக்கிட்டு இருக்கும், நல்லாத் தேடிப் பாரு" என்றாள். அவளுடைய நல்ல மனசும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் தோஹா போன பிறகும் காலையில் வந்ததும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் துழாவுவேன். அப்புறம் சர்வரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மெயிலையெல்லாம் வெளியூர்க் கம்பெனி ஒன்று பார்த்துக்கொள்கிறது. அந்த அறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின். எனக்கு வர வேண்டியது இங்கேதான் எங்கேயோ நிற்கிறது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. அதுவும் போயிற்று.