வாட்டமாக ஒரு சமையலறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரி குளத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். திருவள்ளூரில் எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் பெருமாள் கோயிலை நம்பி இருப்பவை. நாங்கள் பூ கட்டிக் கொடுக்கிறவர்கள். பெருமாள் அருளால் எலும்பு கூடியது. ஆனால் ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. தரையில் உட்கார முடியாது, குனிய முடியாது. எங்கள் அடுப்போ தரையோடு தரையாக இருந்தது.

அதனால் வீட்டுப் பெருமாளுக்குத் தினமும் படைக்கிற தளிகையை நான் சமைக்க ஆரம்பித்தேன். சோறு சில நாள் குழையும், சில நாள் வேகாது. பெருமாள் பொறுத்துக்கொண்டார். அவள்தான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, “என் கையால ஒரு நாளாவது படைக்க முடியலியே” என்பாள்.

பின்பக்கத்து மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு, நின்றபடி சமைக்க மேடை போட்டு ஒரு சமையலறை கட்ட நினைத்தேன். எப்படிக் கட்டினால் அவளால் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் மாடியில் குடியிருந்தவர் மெட்ராசில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். முப்பது வயதுகூட இராது. அவரிடம் ஒரு பிளான் கேட்டேன்.

“நான் போட்டுத் தரமாட்டேன் அண்ணா. என் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேரை அனுப்பறேன். தப்பு வந்தா கட்டறதுக்கு முன்னாடி பாத்துக்கறேன்” என்றார். எனக்குக் கொஞ்சம் மனவருத்தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். பையன் சோழவரத்துக்காரன். வந்ததும் டேப்பை எடுத்து அவள் உயரம், கை எட்டுகிற தூரம் எல்லாம் அளந்தான்.

“இன்னா தம்பி, எனக்கு ரவிக்கையா தைக்கப் போற?” என்றாள் இவள்.

“இல்லம்மா. சமையக்கட்டுல உங்களுக்கு இன்னா வேணும், அத்தச் சொல்லுங்க.”

“பெருசா ஒண்ணும் வாணாம். எல்லாம் வாட்டமா இருந்தா போதும்.”

அவன் எழுதிக்கொண்டான். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த பெண்ணோ எதையும் அளக்கவில்லை. இவள் பின்னாலேயே வீட்டைச் சுற்றி வந்தாள், கூட உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தாள், தன் நைனாவைப் பற்றிக் கதை பேசினாள். இது என்ன படிப்போ என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் எங்கள் கூடத்தில் இரண்டு படங்களையும் விரித்தார். பையன் படத்தில் தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, விறகு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக இருந்தன. தரை மட்டும் ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

“இது ஏன்?” என்றார் வாத்தியார்.

“அம்மாதான் சார் வாட்டம் கேட்டாங்க.”

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலை கட்டுகிற இடத்துக்கு அவன் வேலை பழகப் போயிருந்தான். தண்ணீர் ஓடத் தரையைச் சாய்ப்பதற்கு அங்கே கொத்தனார் காலையிலிருந்து மாலை வரை சொன்ன வார்த்தை வாட்டம். இவள் சொன்னது கைக்கு வசதியாக என்கிற வாட்டம்.

இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏந்தம்பி, ஏற்கெனவே ஒரு காலு குட்டை. தரையும் சாஞ்சா நான் மறுபடி கொளத்துலதான் போய் நிப்பேன்!”

“குட்டைக் கால மேட்டுப் பக்கம் வெச்சிக்கினா சரியாப் பூடும்மா” என்றாள் அந்தப் பெண். பையன் முகம் சிவந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் படத்தில் அடுப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இடுப்பளவில் ஒரு குட்டைச் சுவர் நின்றது.

“இது எதுக்கு?”

“தெரில சார். அங்க ஒண்ணு இருக்கணும்னு தோணுச்சு.”

“சும்மா எடத்த அடைக்குது சார். தெண்டம்” என்றான் பையன். என் மனசிலும் அதுதான் இருந்தது.

வாத்தியார் யார் பக்கமும் சாயவில்லை. படங்களை மாற்றிக் கொடுத்தார். “அந்தச் சுவருக்கு நீ காரணம் தேடு. கிடைக்கலேன்னா நீயே அழிச்சிடு” என்றார் பையனிடம். பெண்ணிடம், “நீ அவன் போட்ட சமையலறையில மனசாலயே ஒரு வேளை சமைச்சுப் பாரு” என்றார்.

பையன் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டே இவள் காபிக்கு டம்ளர் எடுக்கப் போவதையும் வருவதையும் பார்த்தான். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. “சார், அம்மா திரும்பறப்பல்லாம் இடது கையால எத்தயாச்சும் புடிச்சிக்கிறாங்க. கதவு, செவுரு, ஐயா தோளு. என் பிளான்ல புடிக்க ஒண்ணுமே இல்ல. கொதிக்கிற சோத்தோட திரும்பினா...”

“ஆமா சார், அன்னிக்கி என் தோளத்தான் புடிச்சிக்கினு நடந்தாங்க. மறந்தே பூட்டேன்” என்றாள் அந்தப் பெண். “ஆனா என்னுதுல வெறகு அந்தக் கோடியில கெடக்குது. அம்மா நடந்தே ஓஞ்சுடுவாங்க. அவன் வெச்ச எடந்தான் சரி.”

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. தோன்றுவது ஒரு புத்தி, யோசிப்பது வேறு புத்தி, ஒன்று சரியென்றால் மற்றது தப்பு என்றுதான் எண்ணியிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, கண் பார்த்து வைத்ததை மனசு பிறகு எடுத்துக் கொடுக்கிறது, கணக்கு அதைச் சோதித்துப் பார்க்கிறது. இரண்டையும் பெருமாள்தானே கொடுத்திருக்கிறார்.

இருவரும் சேர்ந்து புதுப் படம் போட்டார்கள். குட்டைச் சுவர் நின்றது, விறகு கிட்டே வந்தது, தரை மட்டமானது. பெருமாள் மாடம் சுவருக்கு மறுபக்கம், கை நீட்டினால் எட்டும்படி வந்தது. அப்படியே கட்டினோம்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை விடிகாலையில் என் வீட்டுக்காரி உள்ளே போனாள். பொங்கலை இறக்கிச் சுவர்மேல் வைத்தாள். இடது கையால் சுவரைப் பிடித்து மெதுவாகத் திரும்பினாள். பிறகு பாத்திரத்தை எடுத்துப் பெருமாள் முன்னால் வைத்தாள்.

“இன்னாங்க, வழிய அடைச்சிக்கினு நிக்கிறீங்க? வெளக்கேத்துங்க” என்று அதட்டினாள். அவள் அதட்டிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! நான் தீப்பெட்டியைத் தேடி எடுத்துத் திரியைக் கொளுத்தினேன்.

முதல் கிண்ணத்தை நான்தான் மாடிக்கு எடுத்துப் போனேன். வாத்தியார் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அந்த ரெண்டு பேருக்கும் இலையில கட்டிக் குடுங்கண்ணா, நான் கொண்டுபோறேன்” என்றார்.