துவக்குக்காரி

கிரிக்கெட் பார்க்கவேண்டுமென்று அப்பா ஆசைப்பட்டதால்தான் அந்தப் பெண் குதிரையேறி எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

அப்போது எண்பதுகள் முடியப்போகிற காலம். லண்டனில், லூயிஷாம் என்ற இடத்தில், நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். தான் தூங்கும் நேரத்தில் நடக்கிற ஆட்டத்தை வீடியோ ரெக்கார்டர் பிடித்துவைக்கும் என்று நம்பி, ஏதேதோ பொத்தான்களை அமுக்கிவிட்டுப் படுத்தார். எழும்பிவந்து போட்டுப் பார்த்தால் வெள்ளை உடுப்புக்காரர் ஒருவரையும் காணவில்லை. புழுதி பறக்கும் தெருவொன்றில், அகலத் தொப்பி போட்ட ஒரு பெண் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு வந்தாள். இடுப்பின் இரண்டு பக்கமும் துப்பாக்கி தொங்கியது. அப்பா வேறு சானலை அமுக்கியிருந்தார்.

அந்தக் கசெற்றில் வேறு ஏதாவது பதிவுசெய்யலாம் என்று அவர் எடுத்தபோது மாமி விடவில்லை.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து எங்களோடு தங்கியிருந்தார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. எங்கள் இருவரோடும் ஒரே அறையில்தான் மாமி படுப்பார். அவருடைய கணவரைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். ஆகவே நான் கேட்கவில்லை. வேலைக்குப் போக மாமிக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் கையை உயர்த்தி டீச்சரிடம் கேட்கிற அனுமதியைப் போன்றது அது என்றும், மாமி கூச்சத்தில் கையை உயர்த்தாமல் இருக்கிறார் என்றும் நான் முடிவுசெய்திருந்தேன்.

படத்தின் தொடக்கம் எங்களிடம் இல்லை. அவள் ஊருக்குள் நுழையும் இடத்திலிருந்துதான் கசெற் ஓடும். யாரோ ஒருவனைத் தேடி வந்திருக்கிறாள், அவன் அவளுக்குப் பெரிய அநியாயம் ஒன்றைச் செய்திருக்கிறான் என்பதுவரை விளங்கும். மதுக்கடையில் இருக்கும் ஆண்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள், கோபிக்கவும் மாட்டாள்.

"மாமி, அவன் அவளுக்கு என்ன செய்தவன்?" என்று கேட்டேன்.

"அது அவளுக்குத் தெரியும்தானே பிள்ளை. எங்களுக்குத் தெரியத்தான் வேணுமெண்டில்லை."

மாமிக்கு அந்தப் படம் பிடித்ததற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. தொலைக்காட்சியில் எல்லோரும் ஆங்கிலத்தை மென்று விழுங்கிப் பேசினார்கள். இவள் ஒருத்திதான் கொஞ்சமாகப் பேசினாள், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ரெக்கார்டரை நிற்பாட்டி, பின்னுக்கு ஓட்டி, அவள் சொன்னதை மாமி திருப்பிச் சொல்வார். இப்படியாக என் மாமி அமெரிக்கப் பாலைவனத்துப் பெண் ஒருத்தியிடம் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். லூயிஷாம் சந்தையில் மீன்காரர் ஒருவர் பழுதான மீனைத் தந்தபோது, "என்னைத் திரும்பி வரவைக்காதே" என்று அவள் சொன்ன மாதிரியே ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். மீன்காரர் ஒருகணம் பார்த்துவிட்டு மீனை மாற்றித் தந்தார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பிளை துவக்கோடை திரியிற படத்தையோ பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டுறீர்?" என்று மாமியிடம் கேட்டார்.

எங்கள் வீட்டில் துப்பாக்கியைத் துவக்கு என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து நானும் தம்பியும் அவளைத் துவக்குக்காரி என்று அழைத்தோம்.

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் உடுப்புக் காயப்போட ஒரு முற்றம் இருந்தது. கம்பங்கள் நட்டு, கயிறு கட்டி, எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கவுன்சில் தந்த இடம். ஆனால் நாங்கள் அங்கே போவதில்லை. கீழ்த்தளத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைத் தன் வளவாக நினைத்துக்கொண்டிருந்தார். அம்மா முதல்முறை காயப்போட்ட சேலையை அவர் இழுத்து நிலத்தில் போட்டார். அடுத்தமுறை என் பள்ளிக்கூடச் சட்டை சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. உங்கள் நாட்டுக்குப் போய் அங்கே காயப்போடு என்று அம்மாவுக்குச் சொன்னாராம். அவரிடம் மண்ணிறத்தில் ஒரு பெரிய நாயும் இருந்தது.

"விடு, பொறுத்துப்போவம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கள் ஈர உடுப்புகள் வீட்டுக்குள்ளேயே தொங்கின. கதிரை முதுகில், கதவில், ஹீற்றரின் மேல். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் தம்பிக்கு இழுப்பு. நெஞ்சுக்குள் ஒரு பூனை இருந்து கத்துவதுபோலச் சத்தம் வரும். வீட்டுக்குள் ஈரத் துணி போடவேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்து, வேறு வழியில்லாமல் மறுபடியும் வீட்டுக்குள்ளேயே போட்டார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதிசயமாக வெயில் அடித்தது. அம்மா அலுவலகமொன்றைத் துப்புரவாக்கப் போயிருந்தார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தூங்கினார். மாமி உடுப்பெல்லாவற்றையும் தோய்த்துக் கூடையில் போட்டார். பிறகு தன் நீளமான மண்ணிறக் கோட்டைச் சேலைக்கு மேலே மாட்டினார். தேவாலயத்தில் யாரோ கொடுத்த கோட் அது, கணுக்கால்வரை வரும். உடுப்புக் கவ்விகள் நிறைந்த துணிப்பையை நாடாவால் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தம்பியைப் பார்த்துக்கொள். அப்பாவை எழுப்பாதை" என்றார்.

"எங்கை மாமி போறியள்?"

"வெயில் எறிக்குதெல்லே. உடுப்புக் காயப்போட்டிட்டு வாறன்."

நானும் தம்பியும் பின்பக்க பால்கனிக்கு ஓடினோம். கீழே மாமி முற்றத்துக்குள் வந்தார். அவர் நடந்த நடையைப் பார்த்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அது எனக்குத் தெரிந்த நடை. அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியாக, ஊரின் நடுத்தெருவில் நடக்கிற நடை. கோட்டின் ஓரம் காற்றில் பறந்தது. சந்தேகமே இல்லை, துவக்குக்காரியேதான்.

முதல் சட்டையைக் கொளுவும்போதே கீழ்த்தளத்துக் கதவு திறந்தது. அந்த மனிதர் வீட்டுச் செருப்போடு வந்தார். ஏதோ சத்தம்போட்டார். மாமி திரும்பிப் பார்க்காமல் இரண்டாவது சட்டையைக் கொளுவினார். அவர் வந்து முதல் சட்டையை இழுத்து எறிந்தார். மாமி குனிந்து எடுத்து, உதறி, மறுபடியும் கொளுவினார். அவர் மறுபடியும் இழுத்து எறிந்தார். மாமி மறுபடியும் எடுத்தார். அடுத்தடுத்த பால்கனிகளில் தலைகள் தெரியத் தொடங்கின. இரண்டாம் மாடி ஜமெய்க்கா அம்மா ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

அந்த மனிதரின் கழுத்து சிவந்துவிட்டது. நீ யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்ற மாதிரி எதையோ கத்தினார்.

மாமி கவ்விப் பையில் கை வைத்தபடி திரும்பினார். கொஞ்சநேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, முற்றமெல்லாம் கேட்கும்படியாக ஆங்கிலத்தில் சொன்னார். படத்தில் துவக்குக்காரி மதுக்கடையில் சொன்ன வசனம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் கனதூரம் வந்தவள். இனி எனக்கு அவசரமில்லை."

யாரோ ஒரு பால்கனியிலிருந்து விசிலடித்தார்கள். அதுதான் அந்த மனிதரைப் பைத்தியமாக்கியிருக்க வேண்டும். வீட்டுப்பக்கம் திரும்பி நாயைக் கூப்பிட்டார். அது பாய்ந்து வந்தது. தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் கண்ணை மூடவில்லை, மூட ஏலவில்லை.

மாமி ஓடவில்லை. ஊரில் அவர் வீட்டில் எப்போதும் நாய்கள் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நாய் கிட்டே வந்ததும் ஒரு விரலை மட்டும் நீட்டி, தம்பி சாப்பிடாமல் ஓடித்திரியும்போது அதட்டுகிற அதே குரலில் சொன்னார்.

"இரடா!"

நாய் இருந்துவிட்டது.

சுத்தத் தமிழில் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு, லண்டனில் பிறந்து வளர்ந்த அந்த நாய் பின்னங்கால்களை மடித்து மாமியின் காலடியில் இருந்து, அவருடைய முகத்தை அண்ணாந்து பார்த்தது. அந்த மனிதர் ஆங்கிலத்தில் எவ்வளவோ கத்தினார். நாய் அவரையும் பார்த்தது, மாமியையும் பார்த்தது, வாலை ஆட்டியது. ஜமெய்க்கா அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு கட்டடமே சிரித்தது. அந்த மனிதர் நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவை அடித்துச் சாத்தினார். மாமி மிச்ச உடுப்பையும் கொளுவினார். அப்பாவின் வேலைச் சட்டை, என் சீருடை, தம்பியின் பனியன்கள், கடைசியாக அம்மாவின் சேலை. அது கயிற்றின் முழு நீளத்துக்கும் பறந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லாத ஆளில்லை. எங்கள் கட்டடத்துப் பிள்ளை ஒருத்தி சாட்சி சொன்னாள். விளையாட்டு நேரத்தில் கௌபோய் விளையாடும்போது அதுவரை எனக்கு எப்போதும் செவ்விந்தியர் வேடம்தான் தருவார்கள். என் நிறத்தைப் பார்த்து அவர்களாகவே தீர்மானித்தது. நான் இலங்கை என்று சொன்னால் யார் கேட்பது? அன்று முதன்முதலாக எனக்குத் துப்பாக்கி தந்தார்கள். மாமி நடந்த மாதிரி நடந்து காட்டினேன். எல்லோரும் வழிவிட்டார்கள்.

அந்த மனிதர் அதன்பிறகு நல்லவராகிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒரு கிழமை கழித்து எங்கள் கதவில் முட்டை வழிந்தது. மாமி அதைத் துடைத்துவிட்டு, வெயில் வந்த அடுத்த நாளும் கூடையோடு இறங்கினார். இந்தமுறை கவ்விப் பையை நான் பிடித்தேன். பிறகு அம்மாவும் இறங்கினார். அந்த மனிதர் ஜன்னல் சீலையை இழுத்து மூடிக்கொள்ளப் பழகினார். கோடை வர, தம்பியின் நெஞ்சுக்குள் இருந்த பூனை கத்துவதை நிறுத்தியது. மாமிக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைக்க மேலும் சில வருடங்கள் எடுத்தன. கிடைத்ததும் பஸ் ஓட்டப் படித்தார். அந்தப் பெரிய சிவப்பு பஸ்ஸைத் திருப்பும்போதும் அவருக்கு அவசரமே இருப்பதில்லை. இப்போது ஓய்வுபெற்று மோர்டனில் இருக்கிறார். இன்றைக்கும் யாராவது மாமியைப் பற்றிக் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். சொல்லும்போது நெஞ்சு நிமிரும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரத்தை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்பா எழும்பியதும் நான்தான் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கென்ன விசரே? அவன் பொலிசுக்குச் சொன்னானெண்டால்?" என்று மாமியிடம் கேட்டார்.

"உடுப்புத்தானே அண்ணை காயப்போட்டனான்."

"அதை ஆர் கேக்கப்போகினம்? உன்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. உன்னைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்களெண்டால் நான் என்ன செய்யிறது? அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?"

"பொடியனுக்கு இழுக்குது அண்ணை" என்றார் மாமி. "இரவிலை நீங்கள் ஷிப்டிலை நிக்கிறியள். நான்தான் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறனான்."

அப்பா போய் வாசல் பக்கத்து ஜன்னலில் நின்றார். நிழல் நீளும்வரை அங்கேயே நின்று வீதியைப் பார்த்தார். மாமி செய்ததைத் தான் செய்யவில்லையே என்ற வெட்கத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். அப்பா கொஞ்சம் பயந்தவர் என்றும் நினைத்தேன். எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, நான், தம்பி எல்லோரிடமும் இந்த நாட்டுப் பத்திரங்கள் இருந்தன. அந்த முற்றத்துக்குப் போகவே கூடாதவர் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது மாமிதான். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கூடையைத் தூக்கினார். அந்தப் பயம் அப்பாவுடையது அல்ல, தங்கைக்காக அவர் வைத்திருந்தது. இதெல்லாம் எனக்கு விளங்க எத்தனையோ வருடங்கள் ஆயின.

மாமி கோட்டைக் கழற்றவில்லை. சப்பாத்தையும் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"மாமி, கோட்டைக் கழட்டேல்லையோ?"

"குளிருது பிள்ளை."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துவக்குக்காரி வேஷத்தைக் கலைக்க அவருக்கும் மனமில்லை என்று நினைத்தேன். கீழே தெருவில் ஒரு கார் வந்து நின்றது. அப்பா ஜன்னல் சீலையை விலக்கினார். மாமி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எங்கோ வெளியே போகப்போகிறோம் என்று எண்ணி, நானும் ஓடிப்போய் என் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.