பச்சை வயர் கட்டிய குழாய்

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, வாஷிங் மெஷினைத் திருத்தப் போய் என் மாமியைக் கொன்றுவிடப் பார்த்தேன். மாமி என்றால் என் கணவருடைய அம்மா. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது என்பது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று ஏதாவது நடந்திருந்தால், தெரியாமல் நடந்தது என்று நான் சொல்வதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நானே என்னை நம்பியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார், மாதத்தில் இரண்டு நாள் வருவார். நான் ஹாலிஎலவில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். விடியக்காலை பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. அந்த நேரத்தில் குழாயடிக்குப் போய் உட்கார்ந்து துணி அடிக்க என்னால் முடியாது என்று சண்டை பிடித்துத்தான் மெஷினை வாங்கினேன். பதுளையில் ஒரு குடும்பம் வீடு மாறும்போது விற்றது. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. லயத்தின் கடைசி வீடு, அதாவது கடைசிக் காம்பரா, எங்களுடையது என்பதால், சமைக்கிற குசினிக்குப் பின்னால் தகரம் இறக்கி அதை வைக்க இடம் கிடைத்தது. அந்தச் சுவருக்கு வெளியே பத்தடி தள்ளித்தான் லயத்துக்கே பொதுவான தண்ணீர்க் குழாய்.

மெஷினுக்கு எர்த் வேண்டுமே. எங்கள் லயத்தில் பிளக்கில் எர்த்துக்கு ஓட்டை இருக்கும், ஆனால் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. அதற்கு எல்லோரும் செய்கிற வேலையைத்தான் என் கணவரும் செய்தார். மெஷினின் இரும்புச் சட்டத்தில் ஒரு பச்சை வயரை இறுக்கி, அதைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்க் குழாயின் இரும்புப் பைப்பில் சுற்றிக் கட்டினார். மேலே தொட்டியிலிருந்து மண்ணுக்குள்ளேயே வருகிற பைப் அது, கரண்டு கசிந்தால் மண்ணோடு போய்விடும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஒரு மழையில் மேட்டு மண் சரிந்து அந்தப் பைப் உடைந்தது. ஆண்கள் கூடி, உடைந்த துண்டுக்குப் பதிலாகக் கருப்புப் பிளாஸ்டிக் குழாயை மாட்டினார்கள். அன்றைக்கே தண்ணீர் வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். பச்சை வயரைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மாமி கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். குழாயைத் தொட்டால் விரலெல்லாம் விறுவிறுக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குப் பாதி டாக்டர் என்ற நினைப்பு வராமல் இருக்காது. இந்த வயதில் அப்படி இருந்தால் சீனி வருத்தமாக இருக்கும் என்று அன்றே தீர்ப்புச் சொல்லி, சீனியில்லாத தேத்தண்ணீரை நீட்டினேன். சில நாள் கழித்து, மெஷின் ஓடும்போதுதான் அப்படி இருக்கிறது என்று மறுபடியும் சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மெஷின் வந்த நாளிலிருந்தே உங்களுக்கு அதன் மேல் எரிச்சல், அதனால்தான் கதை கட்டுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கையைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் வேறொன்று செய்தார். நான் மெஷினைப் போட்டால் போதும், உடனே ஒரு வாளியோடு குழாயடிக்குப் போய்விடுவார். ஒரு சட்டையோ துவாயோ எடுத்துக்கொண்டு, அதைக் கல்லில் வைத்துக் கசக்கியபடியே மெஷின் நிற்கும்வரை அங்கேயே இருப்பார். எனக்கு எதிராகத்தான் இதைச் செய்கிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போதாததற்குப் பக்கத்துக் காம்பரா அக்காவும், உங்கள் மாமி குழாயை ஒருத்தருக்கும் விடுகிறார் இல்லை என்று முறைப்பட்டார். என்ன செய்வது அக்கா, வீம்பு, என்றேன் நான்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது நாளாக மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கிழமையாகச் சேர்ந்த அழுக்குத் துணியைப் போட்டு, துவைக்கிற திருகைத் திருப்பினேன். மெஷின் ஒரு உறுமல் உறுமியது, வீட்டில் கரண்டு நின்றது. சுவரில், கோளாறு வந்தால் கரண்டை நிறுத்துகிற டிரிப் சுவிட்ச் விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டேன். மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் விழுந்தது.

கணவருக்குப் போன் எடுத்தால் கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்றார். அவருடைய 'பிறகு' எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அவருடைய குறடு, திருப்புளி, கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் எல்லாம் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். பிழிகிற தொட்டியை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அப்படியென்றால் கோளாறு துவைக்கிற மோட்டர் பக்கம். பிளக்கைக் கழற்றி, மெஷினைத் திருப்பி, பின்தகட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். ஒரு ஆணி துருப்பிடித்து அசைய மறுத்தது, அதற்கே கால்மணி நேரம் போனது. உள்ளே பெல்ட் நன்றாக இருந்தது. தூசியும் ஈரமும்தான் இருந்தன. டோர்ச் அடித்துக் கண்ணுக்குத் தெரிந்த வயரையெல்லாம் பார்த்தேன். பழைய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மோட்டருக்கு அடியில் போகிற வயரை மட்டும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க மெஷினைச் சரித்துப் படுக்கப்போட வேண்டும், நான் சரிக்கவில்லை.

தகட்டை மூடி மறுபடி போட்டேன், ஓடியது. நான் எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தேன்கூட. பத்து நிமிடத்தில் டிரிப் விழுந்தது. தூக்கினேன், ஓடியது, விழுந்தது.

இங்கேதான் என் புத்தி கோணலாகப் போனது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் டிரிப் சும்மாவும் விழும். தூரத்தில் இடி இடித்தால் விழும், சுவர் ஈரமானால் விழும். அப்படி விழுந்து விழுந்து அலுத்துப்போய்ப் பக்கத்துக் காம்பராவில் அதைக் கழற்றிவிட்டு வயரை நேராகவே முடிந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் கரண்டு போவதே இல்லை. மெஷினில் பிழை இல்லை, எங்கள் டிரிப்தான் கிழடு தட்டிவிட்டது என்று முடிவு கட்டினேன். அக்காவிடம் கேட்டு, அவருடைய பிளக்கிலிருந்து ஒரு நீட்டு வயரை இழுத்து வந்து, எங்கள் பின்வாசலில் மழை படாமல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றித் தொங்கவிட்டு, அதில் மெஷினைக் கொடுத்தேன்.

மெஷின் ஓடியது. அப்படி ஒரு ஓட்டம். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. வெளியே வாளிச் சத்தம் கேட்டது. மாமி வழக்கம்போல் குழாயடிக்குப் போய்விட்டார். போகட்டும், இன்றைக்கு நானே திருத்திய மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கசக்கட்டும் என்று நினைத்தேன். இதை நினைத்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சாமான்களைப் பொறுக்கி டின்னில் போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த டெஸ்டர் பின்தகட்டின் ஆணியில் பட்டது. அதன் உள்ளே இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. இன்னொரு ஆணியில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது. எர்த் சரியாக இருந்தால் எரியக் கூடாது என்று கணவர் சொல்லித் தந்திருக்கிறார். எர்த் இருக்கிறதே, பைப்பில் கட்டியிருக்கிறதே என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சை வயர் சுவரோடு போய்ப் பைப்பில் சுற்றியிருந்தது. அந்தப் பைப் மேட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் போய்க் கருப்புப் பிளாஸ்டிக்கில் முடிந்தது. இந்தப் பக்கம் சீமெந்துத் திட்டில் நின்றது. மண்ணுக்குள் போகிற இரும்பு எங்கேயும் இல்லை. மெஷினில் கசிகிற கரண்டு முழுவதும் அந்தக் குழாயில் வந்து ஆள் பார்த்து நிற்கிறது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த டிரிப்பை நான்தான் ஒதுக்கிவிட்டேன்.

மாமி வெறுங்காலோடு, தண்ணீர் நிற்கிற திட்டில் ஏறி நின்றார். வாளியைக் கீழே வைத்தார். புறங்கையைத் திருப்பி, மெதுவாகக் குழாயை நோக்கி நீட்டினார்.

கத்திக்கொண்டிருக்க நேரமில்லை. வாசலுக்கு ஓடினேனா பாய்ந்தேனா தெரியாது. தொங்கிய பொலித்தீன் பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பிளக் கழன்று, நான் துணிக்கூடையின் மேல் விழுந்தேன். மெஷின் நின்றது. விழுந்த இடத்திலிருந்தே வெளியே பார்த்துக் கேட்டேன்.

"தொட்டுட்டீங்களா மாமி?"

"இன்னும் தொடல. ஏன் நிப்பாட்டின?"

ஒன்றுமில்லை, ஒரு பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, போய்ப் பச்சை வயரைப் பைப்பிலிருந்து அவிழ்த்தேன். கரண்டு இல்லை என்று தெரிந்தும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தொட்டேன். பிறகு மெஷினைச் சரித்துப் படுக்கப்போட்டேன். மோட்டருக்கு அடியில், ஒரு விரல் நீளத்துக்கு வயரை எலி கடித்து வைத்திருந்தது. செம்பு வெளியே தெரிந்தது. மோட்டர் ஆடும்போதெல்லாம் அது சட்டத்தில் உரசியிருக்கிறது. மோட்டர் தாங்கியில் உரசி உரசிக் கருகிய தடம் இருந்தது. இன்று நேற்று வந்த தடம் இல்லை. கடித்த இடத்தை வெட்டி, புது வயர் முடிந்து, டேப்பை மூன்று சுற்றாகச் சுற்றினேன். சரியான எர்த் கம்பி மண்ணில் அடிக்கும்வரை மெஷினைப் போடுவதில்லை என்று பிளக்கையும் கழற்றி அலுமாரியில் வைத்தேன்.

எல்லாம் முடிந்து கை கழுவியபோது மத்தியானம் ஆகிவிட்டது. மாமி குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாருக்கும் தெரியாது, எலிதான் காரணம். ஆனால் அந்தப் புறங்கை கண்ணுக்குள்ளேயே நின்றது. போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாமி, ஒங்க கையில ஒரு வருத்தமும் இல்ல. மெஷின்லருந்து பைப்புக்குக் கரண்டு வந்திருக்கு."

"தெரியும்."

ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னேன். சீனி வருத்தம்னு சொன்ன. மறுபடியும் சொன்னேன். எரிச்சல்ல சொல்றேன்னு சொன்ன."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். லயத்தில் சொன்னால் மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லுவார்கள், நீ ஆசையாக வாங்கியது, அதனால் வெளியிலும் சொல்லவில்லை என்றார். கொஞ்சம் கடிக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாராம்.

"அப்ப தெரிஞ்சும் எதுக்கு அங்கயே போய் நின்னீங்க?"

"சின்னப் பிள்ளைங்க தண்ணி குடிக்க அங்கதானே வருதுங்க. நீ மெஷினப் போட்டா யாராச்சும் நிக்கணும்ல. புறங்கையால தொட்டுப் பாப்பேன். கடிக்கலன்னா பிள்ளைங்கள விடுவேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல், மழையிலும் பனியிலும், நான் மெஷினைப் போட்ட ஒவ்வொரு முறையும் அவர் அங்கே நின்றிருக்கிறார். நான் அதற்கு வீம்பு என்று பெயர் வைத்தேன். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரிடமும் சொன்னதில்லை, எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்களில் ரொட்டி மா ஒட்டியிருந்தது.

"விடு புள்ள, ரொட்டி கருகுது" என்றார் மாமி. நான் விடவில்லை.