ராஜரத்தினத்தின் நீலக் கலன்

பூநகரிக்கும் பரந்தனுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வெளியாய்க் கிடக்கும் றோட்டில், ராஜரத்தினத்தின் சனம் ஏற்றும் டொல்பின் வான் நின்றுபோனது. முதலில் வெள்ளைப் புகை வந்தது. பிறகு உள்ளே ஏதோ தட்டிய சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கிராஞ்சியிலிருந்து ஏற்றிவந்த சனத்தை அந்த வழியால் வந்த பஸ்ஸில் ஏற்றி, நண்டுப் பெட்டிகளையும் கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, வானை உழவு இயந்திரமொன்றில் கொளுவிப் பரந்தனுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் நிரஞ்சனின் கராஜ். வான் வாங்கிய காலத்திலிருந்து அதில் கைவைப்பவன் அவன் ஒருவன்தான். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். தண்ணீர் ஓடும் துவாரங்களெல்லாம் வெள்ளையும் மண்ணிறமுமாய்ப் பொருக்குக் கட்டிக் கிடந்தன. ஒன்றின் சுவரை உப்புத் தின்று முடித்திருந்தது. அந்த வழியால் தண்ணீர் கசிந்து எண்ணெயோடு கலந்து, எஞ்சின் முழுதும் கெட்டுவிட்டது.

"இதுக்குள்ள உவர்த் தண்ணி போயிருக்கு அண்ணை. நேற்று முந்தநாள் இல்லை, கனகாலமா."

"என்ர கையால நல்ல தண்ணியைத் தவிர வேற விட்டதில்லை."

"அப்ப இரவில வான் தானாப் போய்க் கடல் குளிச்சிருக்கு."

வேறு நேரமென்றால் ராஜரத்தினம் சிரித்திருப்பார். இந்த எஞ்சினைத் திருத்த முடியாது என்றான் நிரஞ்சன். ஓடின பழைய எஞ்சின் ஒன்றைத் தேடியெடுத்துப் பூட்டலாம். இல்லையென்றால் வானைக் கழற்றி விற்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். யோசித்துச் சொல்லச் சொன்னான்.

ராஜரத்தினம் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் மூங்கில் குழாயால் இரவு பகலாய் விழுந்துகொண்டிருக்கும். யாரும் அதை மூடுவதில்லை, மூடுவதற்கு ஒன்றும் இல்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பன் குடும்பத்தை லொறியில் ஏற்றி வன்னிக்குக் கொண்டுவந்தார். காடு வெட்டிய காணியில் முதலில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்த சிறுவன் அதைத் துப்பினான். அது கரித்தது. மற்ற எதற்கும் வளைந்துகொடுத்த ராஜரத்தினம் தண்ணீருக்கு மட்டும் அதன்பிறகு வளையவேயில்லை. ஜெயபுரத்தில் கலியாணம் முடித்துக் குடியேறியபோதுகூட, பெண்ணைப் பார்த்த கையோடு கிணற்றையும் எட்டிப் பார்த்தார் என்று மனைவி கமலேஸ்வரி இன்றைக்கும் சொல்லுவார்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய மறுவருடம் இந்த வானை வாங்கினார். அப்போது கிராஞ்சி றோட்டு வெறும் கிரவல் மண்ணும் குழி கிடங்கும். பஸ் வரும் நாளில் வரும். விடியற்காலையில் வானின் சத்தம் சந்தியில் கேட்டதும் ஒவ்வொரு வீட்டுப் படலையாய்த் திறக்கும். கிளிநொச்சிச் சந்தைக்கு நண்டு கொண்டுபோகிறவர்கள், கிளினிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், சோதனை எழுதப் போகிற பிள்ளைகள். மழைக்காலத்தில் ஒருமுறை கலியாணப் பெண்ணையே முன்சீற்றில் ஏற்றிப்போனார். கிடங்கில் வான் புதைய, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். இன்னொருமுறை பூநகரிக்கு முன்னாலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அந்தத் தாய்க்கு முகம் கழுவவும் குடிக்கவும் வானிலிருந்த தண்ணீர்தான் உதவியது.

அந்தத் தண்ணீர் ஒரு நீலக் கலனில் இருக்கும். பக்கக் கதவுக்கு உள்ளே அதற்கு ஓர் இடம். ஒவ்வொரு நாளும் விடிய, நேற்றுக் கலனில் மிஞ்சியதை எஞ்சினின் றேடியேற்றருக்கு ஊற்றிவிட்டு, வீட்டுக் கிணற்றில் புதிதாய் நிரப்பி வைப்பார். நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்ற அவருக்கு மனம் வராது. கடலோரக் கிராஞ்சிச் சனம் அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்காகவே வீட்டில் குடிக்காமல் வந்து ஏறுவதாகப் பகிடி விடுவார்கள். ஆனாலும் பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கலன் ஒருநாளும் குறைந்திருந்ததில்லை. தன்னுடைய ஆட்கள் அளவாய்க் குடிப்பவர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வவுனியாவில் வேலை செய்யும் மகன் விஜிதரன் செய்தி கேட்டு உடனே போன் எடுத்தான். அங்கே வான் கழற்றி விற்கும் ஆள் ஒருவரைத் தெரியும், வித்துப்போட்டு ஆறுதலாய் இருங்கோ என்றான். கமலேஸ்வரி குசினியிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"விக்கிறதெண்டா வில்லுங்கோ. ஆனா விடியக் காலமை எழும்பி என்னத்தைத் துடைக்கப் போறியள்? என்னையே?"

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. எஞ்சின் போனதைவிட, எப்படிப் போனதென்று தெரியாததுதான் அவரை அரித்தது. தன் கைதான் எங்கோ தவறியிருக்கிறது. வயது போய், எந்தக் கிணற்றில் அள்ளினேன் என்பதே நினைவில்லாமல் போயிருக்கிறது. தான் செய்வது தனக்கே தெரியாத ஒருவன் சனத்தை ஏற்றி ஓடக்கூடாது. விற்பதென்று முடிவெடுத்தார். அதைத் தன் ஆட்களிடம் நேரில் சொல்ல வேண்டுமென்று பஸ்ஸில் கிராஞ்சிக்குப் போனார்.

முதலில் நண்டு விற்கும் இரஞ்சிதம் வீட்டுக்கு. முதல் நாளிலிருந்து வானில் வருகிறவர் அவர்தான். ராஜரத்தினத்தைக் கண்டதும் ஓடிப்போய்ச் சோடாப் போத்தல் ஒன்று வாங்கிவந்து நீட்டினார்.

"எங்கட உவர்த் தண்ணியில தேத்தண்ணி போட்டா உனக்கு இறங்காது தம்பி. இதைக் குடி."

"கலன்ல நீங்கள் குடிச்சுக் குறைஞ்சதே இல்லை. அவ்வளவு வெக்கையில என்னெண்டுதான் இருந்தனீங்களோ."

இரஞ்சிதம் அவரை விசித்திரமாய்ப் பார்த்தார்.

"ஆர் சொன்னது? பின்னேரம் இங்க வந்து சேரேக்க தண்ணி அடியிலதான் கிடக்கும். உன்ர தண்ணியைக் குடிச்சிட்டு வெறுங்கலனை வைச்சிட்டுப் போக நாங்கள் என்ன மனுசரில்லையோ? நீ வானுக்கு மேல ஏறிப் பெட்டி அவிழ்க்கிற நேரம், கடைசியா இறங்கிற ஆள் நிரப்பி வைக்கும். எங்கட கிணத்துத் தண்ணிதான், எண்டாலும் முட்ட நிரப்புவம். ஒருநாளும் தவறவிட்டதில்லை."

ராஜரத்தினம் சோடாப் போத்தலைக் கையில் வைத்தபடி இருந்தார். முற்றத்துக் கிணறு அவருக்கு நேரே தெரிந்தது. கப்பிக் கயிறு நனைந்திருந்தது. வருடக்கணக்காய் ஒவ்வொரு பின்னேரமும் யாரோ ஒருவர் அதில் அள்ளியிருக்கிறார்கள். ஒவ்வொரு விடியலிலும் அவர் அதை மிச்சம் என்று நினைத்து றேடியேற்றருக்கு ஊற்றியிருக்கிறார்.

"அதுசரி, எஞ்சினுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் இரஞ்சிதம்.

சொல்ல வாயெடுத்தார். சொன்னால் நாளைக்கு இந்த ஊரில் ஒருவரும் அவருடைய கலனைத் தொடமாட்டார்கள்.

"எண்ணெய் மாத்திறதைக் கவனிக்காம விட்டிட்டன் அக்கா. என்ர பிழைதான்."

"இவ்வளவு காலம் ஓடியும் அது தெரியாதே உனக்கு?"

"மறந்திட்டன்."

அவர் மறதிக்காரராகிவிட்டார் என்ற கதை அன்றைக்கே கிராஞ்சி முழுதும் பரவியது. திரும்பும் பஸ்ஸில் இருந்தபடியே நிரஞ்சனுக்கு அழைத்து, எஞ்சின் தேடச் சொன்னார். மகனுக்கு இரவில் சொல்லிக்கொள்ளலாம்.

தை பிறந்ததும் வான் மறுபடி ஓடத் தொடங்கியது. எஞ்சினின் குரல் மாறியிருந்ததால் முதல் நாள் சிலர் படலை திறக்கப் பிந்தினார்கள். ஏறியதும், எண்ணெய் பார்த்தீரோ, தண்ணி பார்த்தீரோ, கண்ணாடி போடலாமே என்று வழிநெடுக விசாரணை. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

அவருடைய இருக்கைக்குக் கீழே இப்போது ஒரு சிறிய வெள்ளைக் கலன் இருக்கிறது. அது றேடியேற்றருக்கு. பக்கக் கதவுக்கு உள்ளே நீலக் கலன் பழைய இடத்திலேயே இருக்கிறது. பின்னேரம் கிராஞ்சியில் அவர் பெட்டி அவிழ்க்கும்போது, கீழே கப்பி சுற்றும் சத்தம் கேட்கும். அவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கயிற்றை அவிழ்க்க முன்னையைவிடக் கொஞ்சம் கூட நேரம் எடுப்பார்.

விடிய, நீலக் கலனிலிருக்கும் அந்தத் தண்ணீரைத் தன் படலையடியில் புதிதாய் நட்ட தென்னம்பிள்ளைக்கு ஊற்றுகிறார். தென்னை உவரைத் தாங்கும்.