மச்சானுக்கு நாள் குறித்தேன்

ரோமுக்கு டிக்கெட் எடுத்தது, ஊரில் சண்டை முடிவதற்கு முன்னால். 2009 செப்டெம்பரில் புறப்பட வேண்டிய நேரத்தில் எங்கள் இருவருக்குமே மனமில்லை. ஆனாலும் போனோம். லண்டன் வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று தோன்றியது.

மனைவியின் தம்பி வன்னியில் இருந்தவன். ஏப்ரலுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் விசாரித்தோம். பட்டியல்களில் தேடினோம். எனக்கு எதையும் இழுபறியில் விட்டுவைக்கத் தெரியாது; கடிதம் வந்தால் அன்றே பதில் போடுகிற ஆள். அதனால் அவளிடம் ஒரு சொல் கேட்காமல், டூட்டிங்கில் எங்களுக்குத் தெரிந்த ஐயரிடம் பேசி, மச்சானின் அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் குறித்துவிட்டேன். இறந்த திகதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கிரியை செய்யலாம் என்றார் அவர். ரோமில் நல்ல நேரம் பார்த்து அவளிடம் சொல்லலாம் என்பது என் திட்டம். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மியூசியத்தில் முதலில் தெய்வங்கள். கையில்லாத ஒரு பெண் தெய்வத்தின் முன்னால் என் கைகள் தாமாகவே கூப்பப் போயின. மூக்கைச் சொறிந்து சமாளித்தேன். மனைவி எதையும் நின்று பார்க்கவில்லை.

அடுத்த அறையில் சாதாரண மனிதர்களின் தலைகள். ஒட்டிய கன்னம், வழுக்கை, கண்ணுக்குக் கீழே பை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரக்கூடிய முகங்கள். பழைய ரோமர்கள் இறந்தவரின் முகத்தை மெழுகில் எடுத்து வீட்டு முன்கூடத்தில் வைத்திருந்தார்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. இதுதான் சமயம் என்று தொடங்கினேன்.

"பாரும், இவையளும் எங்களை மாதிரித்தான். செத்த ஆக்களின்ரை முகத்தை ஹோலிலை வைச்சிருக்கினம். நாங்களும் தம்பியின்ரை படத்தை..."

நான் முடிக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு கிழவரின் தலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"முகத்திலை மெழுகு வைச்சு எடுத்ததெண்டால், ஆரோ பக்கத்திலை இருந்திருக்கினம். தொட்டுப் பாத்திருக்கினம். என்ரை தம்பியை ஆர் தொட்டுப் பாத்தது?"

எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகுதான் வெட்கம். எல்லாம் அவளுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், போன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடுவதைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை. அவன் செத்தவனாகிவிட்டால் வீட்டில் நான் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். இதை எழுதக் கூசுகிறது.

அவள் அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே முற்றத்துக்குப் போய் ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, அந்த அமாவாசைக் காரியம் வேண்டாம்."

அவருடைய குரலே மாறிவிட்டது.

"என்ன, மச்சான் வந்திட்டாரோ?"

அவர் அவ்வளவு சந்தோஷத்தோடு கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இன்னும் வரேல்லை, ஐயா" என்றேன்.