வாடகை சாஃப்ட்வேரும் அப்பாவின் அலமாரியும்

சந்தனமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை...

இருபது வருடத்துக்கு முன், ஈப்போவில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த டயாலிசிஸ் சென்டரின் பின்னறையில், ஓர் ஆயுத பூசை நாளில் அடித்த வாசனை அது.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மரியாதையாக 'சர்வர்' என்போம். நோயாளிகளின் குறிப்பெல்லாம் அதற்குள்தான். யாருக்கு என்ன மருந்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்து முடிந்ததும் யார் எந்த எடையில் நிற்க வேண்டும்... எல்லாம். சாஃப்ட்வேரை சிடியில் வாங்கி ஏற்றியிருந்தோம். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் கோலாலம்பூரிலிருந்து ஆள் பஸ் ஏறி வர வேண்டும்.

அன்று எங்கள் மூத்த நர்ஸ் லெட்சுமி அக்கா அதை அணைத்துவிட்டார்.

"ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்குத்தான் லீவு குடுக்க முடியல. இந்தப் பெட்டிக்காச்சும் ஒரு மணி நேரம் குடுங்க லா."

சந்தனம், குங்குமம், மாலை. கடைசியாக மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பெட்டியின் பக்கவாட்டில் காற்றுப் போகும் ஓட்டைகள் இருந்தது யார் நினைவுக்கும் வரவில்லை. பக்கத்தில் கைகூப்பி நின்ற எனக்கும்தான்.

மறுபடி போட்டபோது 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பேக்கப் எடுக்க வேண்டியவள் நான். மூன்று வாரமாக எடுக்கவில்லை. பழையதைத் திறந்து பார்த்தால் அதுவும் பாதி காலி.

அடுத்த இரண்டு நாள், வந்தவர்களிடமே அவரவர் எடையைக் கேட்டோம். ஆயர் தாவாரிலிருந்து வரும் ஓர் ஐயா நாட்காட்டித் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தார். மற்றவர்களுடையதை லெட்சுமி அக்கா முகத்தைப் பார்த்தே சொன்னார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு எடையையும் நான் இரண்டு முறை கேட்டு எழுதினேன்.

பல வருடம் கழித்து, நான் அந்த சென்டரின் நிர்வாகியான பிறகு, பிரகாஷ் என்று ஓர் இளைஞர் சாஃப்ட்வேர் விற்க வந்தார்.

"அக்கா, இனிமே சாஃப்ட்வேர வாங்கவே வேணாம். வாடகை மாதிரி லா. சர்வர் எங்ககிட்ட இருக்கும். ரிப்பேர், அப்டேட், பேக்கப் எல்லாம் எங்க வேலை. நீங்க இன்டர்நெட்ல போய் பாஸ்வேர்ட் போட்டா போதும். நிறைய சென்டர் இதே சாஃப்ட்வேரத்தான் யூஸ் பண்றாங்க, ஆனா ஒருத்தர் விவரம் இன்னொருத்தருக்குத் தெரியாது."

"அப்ப இது எஸ்டேட் வீடு," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. டவுனில் வளர்ந்த பிள்ளை.

எனக்குப் புரிந்துவிட்டது. பல்கலைக்கழகம் சொல்லித் தராததை நான் வளர்ந்த சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் முன்பே சொல்லித் தந்திருந்தது. தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்களுடையது அல்ல. கூரை ஒழுகினால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னால் ஆள் வரும். குழாயும் சுண்ணாம்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், நடுவில் ஒரு சுவர்.

நல்ல ஏற்பாடுதான்... போகச் சொல்லும் வரை.

நான் பள்ளியில் ஃபாரம் ஃபைவ் படித்த வருடம் தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவிடம் ஒரு மரண்டி மர அலமாரி இருந்தது. தச்சர் வீட்டுக்குள்ளேயே வைத்துச் செய்து கொடுத்தது. அது வாசலில் நுழையவில்லை. நிமிர்த்தி, சாய்த்து, படுக்கவைத்து... லாரிக்காரர் ஹார்ன் அடிக்கத் தொடங்கியதும் அப்பா ரம்பத்தை எடுத்து நடுவில் அறுத்தார்.

பிரகாஷிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்.

"நாங்க வெளிய போறப்ப எங்க அலமாரி உங்க வாசல்ல நுழையுமா தம்பி?"

அலமாரி எதுவென்று விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது. "குறிப்பெல்லாம் பிடிஎஃப்பா எடுத்துக்கலாம் அக்கா. சூசா இல்ல, கஷ்டமே இல்ல."

பிடிஎஃப் என்றால் அறுத்த அலமாரி. கண்ணால் பார்க்கலாம், அப்படியே இன்னொரு சாஃப்ட்வேருக்குள் ஏற்ற முடியாது. எல்லாக் குறிப்பும் அட்டவணையாக, நாங்கள் நினைத்த நேரத்தில் இறக்கிக்கொள்ளும்படி வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கையெழுத்து என்றேன். பிரகாஷ் மூன்று முறை ஈப்போவுக்கு வந்துபோனார். எழுதிக் கொடுத்தார்கள்.

எழுத்தை மட்டும் நம்பும் ஆள் இல்லை நான். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி, பத்துப் பேரின் எடையைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். லெட்சுமி அக்காவுக்கு அதில் ஒரு கொண்டாட்டம்.

"அலமாரி தூக்கப் போறாங்க, வழி விடுங்க லா," என்று நோயாளிகளுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வார். படுத்திருப்பவர்களும் சிரிப்பார்கள்.

போன வருடம் அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் ஈமெயில் வந்தது. அடுத்த மாதக் கடைசியோடு சேவையை நிறுத்துகிறோம், வருந்துகிறோம்.

மேசையில் இருந்த கறுப்புக் கோப்பி-ஓ ஆறுவதற்குள் குறிப்பெல்லாம் இறங்கிவிட்டது. வேறொரு கம்பெனியைப் பிடித்தேன். அதே கேள்வி, அதே நிபந்தனை. அதில் ஏற்றி, இரண்டு வாரம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. முதல் ஷிஃப்ட் நோயாளிகள் வந்து படுத்தார்கள். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாஃப்ட்வேர் மாறியதே அவர்களுக்குத் தெரியாது.

லெட்சுமி அக்கா திரையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மனசுக்குள் இருந்த எண்களோடு ஒப்பிட்டிருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முழுசா வந்துருச்சு லா."

நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அன்று சிரித்தேன்.

இப்போது அந்தப் பின்னறையில் சர்வர் இல்லை, ஸ்டூல்கள் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆயுத பூசைக்கு லெட்சுமி அக்கா என் லேப்டாப்பின் மூடியில் சந்தனம் வைக்கிறார். வைக்கட்டும். மஞ்சள் தண்ணீர்ச் செம்பை மட்டும் நான் முன்கூட்டியே எடுத்து அடுத்த அறையில் வைத்துவிடுவேன்.

அப்பாவின் அலமாரி என் வீட்டில்தான் நிற்கிறது, நடுவே இரும்புப் பட்டை அடித்து. துணி எடுக்கும்போது ரம்பம் போன தடம் விரலில் படும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதில் கை வைத்துச் சொன்னேன்...

இந்தத் தடவை அறுக்கலப்பா.