மணிக்குப் பின் ஒரு மூச்சு

போன வாரம் விராலிமலையில் புதுக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே நின்ற லாரியிலிருந்து அரிசி மூட்டை ஒன்று நழுவி ரோட்டில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓரம் வெடித்து அரிசி சிதறியது. மலையடிவாரத்து மயில்கள் இரண்டு, யாரோ சொல்லி அனுப்பியதுபோல வந்து கொத்த ஆரம்பித்துவிட்டன. கடைக்காரர் லாரி டிரைவரைத் திட்டினார், டிரைவர் கிளீனரைத் திட்டினார். நான் குனிந்து சாக்கைப் பார்த்தேன்.

"ஒத்தச் சாக்குல கட்டுனா வெடிக்கத்தான் செய்யும். ரெட்டச் சாக்குல போடணும். உள்சாக்கு இறுக்கமா, வெளிச்சாக்கு தொளதொளன்னு."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், ஆகாசத்துலேருந்தா தூக்கிப் போடப் போறோம்?"

அவர் கேலியாகக் கேட்டது எனக்கு நேராக வந்து பட்டது. ஆமாம், ஆகாயத்திலிருந்துதான் போட்டோம். சாக்கின் அந்த எண்ணெய் கலந்த சணல் வாடை மூக்கில் ஏறியதுமே நான் ரோட்டில் இல்லை. அஸ்ஸாமில், ஒரு டகோட்டா விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தேன். கதவைக் கழற்றிவிட்ட வாசலில் கருப்பையா நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்து போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நான் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா கடலைக் கொல்லையை விட்டு வெளியே போனதில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, விமானப்படையில் சேர்ந்து, மோர்ஸ் தந்தி பழகி, சிக்னலர் ஆனேன். விமானத்தில் வயர்லெஸ் பெட்டியின் முன் உட்கார்ந்து செய்தி அனுப்புவதும் வாங்குவதும் வேலை. விமானிக்கு மார்பில் இரண்டு சிறகு குத்துவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஒற்றைச் சிறகு. அந்த ஒற்றைச் சிறகைக் கண்ணாடியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கருப்பையா மீமிசல்காரர். மீன்பிடிக்கிற குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்து, எங்கள் விமானத்தில் மூட்டை தள்ளும் ஆளாக வந்து சேர்ந்தார். ரோடே இல்லாத மலைகளில் எல்லைக் காவலுக்கு இருந்த சிப்பாய்களுக்கு அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் மேலிருந்துதான் போடவேண்டும். வாசலோரம் மூட்டைகளை அடுக்கி, இரண்டு பேர் மல்லாக்கப் படுத்து, முதுகைத் தரையில் ஊன்றி, கால்களை மூட்டையில் வைத்துக்கொள்வார்கள். கேப்டன் முன்னால் இருந்து பொத்தானை அழுத்தினால் பின்னால் மணி அடிக்கும். உதைக்க வேண்டியதுதான். இதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று எனக்குள் ஒரு ஏளனம் இருந்தது. இருந்தது என்ன, அதை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் என் இருக்கைக்குப் பக்கத்தில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு ஜன்னல். அதில் தெரிவதெல்லாம் எஞ்சினின் கன்னமும் அதில் வரிசையாக அடித்த ஆணிகளும்தான். பனிமலைகளுக்கு மேல் மாதக்கணக்காகப் பறந்த நான் பார்த்தது ஆணிகளை. கருப்பையாவுக்கோ ஒரு ஆள் உயர வாசல் முழுக்க வானம். கீழே ஆறு, மேகம், மலைக்காரர்களின் மூங்கில் பாலம். ஒவ்வொரு முறை இறங்கியதும் வந்து சொல்வார், "விராலிமலையாரே, இன்னிக்கு ஒரு அருவி பாத்தேன். நம்ம தேர் ஒசரம் பத்துத் தேர் இருக்கும்." மற்றவர்கள் முன்னால் என்னை 'சார்' என்பார், தனியே இருக்கும்போது ஊர்ப் பெயர். நான் தலையாட்டுவேன். ஆணியைப் பற்றி என்ன சொல்வது?

என் வயிற்றெரிச்சலைக் கிளப்பக் கேப்டனும் சேர்ந்துகொண்டார். தாடி வைத்த, ஆறடிக்கு மேற்பட்ட பஞ்சாபி. தினம் காலையில் ஆள் பட்டியல் போடும்போது, "அந்த மீன்காரனை என் விமானத்தில் போடுங்கள், அவன் இருந்தால் மூட்டை தப்பாது" என்பார். என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "வானிலை?"

ஒரு வருஷம் இருவரும் ஒன்றாக லீவில் வந்தோம். மீமிசலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கினார். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சின்ன மாமா என் மார்பைத் தொட்டுப் பார்த்து, "இன்னொரு றெக்க எங்கடா மாப்ள, விழுந்துருச்சா?" என்றார்.

"அவ்வளவுதான் மாமா. நான் வயர்லெஸ் தட்டுறவன்."

"திருச்சி தந்தியாபீசுலயுந்தான் தட்டுறாங்க. தட்டுறதுக்கு மேல எதுக்குப் போகணும்?"

பிறகு கருப்பையாவின் பக்கம் திரும்பினார்கள். அவர் தரையில் படுத்து, அடுக்கி வைத்த நெல் மூட்டையில் காலை வைத்து உதைத்துக் காட்டினார். "இங்கிட்டு மூட்டை, அங்கிட்டு வெறும் ஆகாசம், நடுவுல நான்" என்றார். கூட்டம் வாயைப் பிளந்தது. சாப்பாட்டில் எங்கள் ஆத்தா கோழித் தொடை இரண்டையும் அவர் இலையில் வைத்தாள். நான் பார்த்த பார்வையைக் கண்டு, "பாவம்டா, கதவில்லாத எடத்துல நிக்கிற புள்ள. ஒனக்கென்ன, ஒக்காந்துக்கிட்டே வர்ற" என்றாள். பெற்றவள் சொன்ன சொல். இன்றைக்கும் கோழித் தொடையைக் கண்டால் அதுதான் காதில் கேட்கிறது.

லீவு முடிந்து திரும்பியபின் ஒரு நாள், மூட்டை தள்ளுகிறவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். பள்ளத்தாக்குக்குள் போனால் மலை மறைத்துவிடும், வயர்லெஸ் எப்படியும் செவிடு. நான் கேப்டனிடம் கேட்டேன்: "அந்த நேரம் பின்னால் போய் உதவட்டுமா?" அவர் யோசித்துவிட்டு, சரி என்றார். எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற சந்தோஷம். ஆணிகளுக்கு ஒரு கும்பிடு.

இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு கருப்பையாவின் பக்கத்தில் படுத்தேன். எங்கள் கால்களுக்கு எதிரே உப்பு மூட்டைகள். வாசலில் காற்று அடித்த அடியில் கண்ணில் நீர் வந்தது. அவர் என் முழங்கால்மேல் கையை வைத்தார். காதோரம் வந்து கத்தினார்:

"மணிய நம்பாதீங்க. மணி அடிச்ச பெறகு ஒரு மூச்சு விட்டுப் பாக்கணும். ஆத்துக்காத்து கன்னத்துல வந்து அடிக்கும். அப்ப நான் கையை எடுப்பேன். கையை எடுத்ததும் மிதிங்க."

"கேப்டனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு? அவரு மணி அவருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் மூட்டை தப்பாமல் விழுந்தது கேப்டனின் மணியால் அல்ல. படகில் நின்று வலை வீசியவனின் கன்னத்தால். கேப்டன் பெருமைப்பட்ட மணியை இந்த ஆள் தினமும் ஒரு மூச்சு தாமதமாக்கிக்கொண்டிருந்தார். விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தவன் நான். 'மணி அடித்த உடனே' என்று அச்சில் இருக்கிறது. படித்த என்னிடம், படிக்காதவர் மணியை நம்பாதே என்கிறார்.

மணி அடித்தது. அவர் கை என் முழங்காலில் இருந்தது. அழுத்தமாகவே இருந்தது. நான் உதைத்தேன்.

நான் உதைத்ததில் அவர் பக்கத்து மூட்டைகளும் சரிந்து போய்விட்டன. கருப்பையா எழுந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்து அடையாளம் வைத்திருந்த இடம் தள்ளியே இருந்தது. அதற்கு முன்னாலேயே, ஆறு ஓடும் கிடுகிடு பள்ளத்துக்குள் மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு ஆசைப்பட்ட வாசலிலிருந்து நான் பார்த்த காட்சி அதுதான்.

தரையிறங்கியதும் கேப்டன் தானாகவே, "இன்றைக்குக் காற்று சரியில்லை" என்றார். நான் அதைத் திருத்தாமல் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். திரும்பி நடக்கும்போது கருப்பையா சொன்னார், "காத்து மேல போட்டாச்சு. காத்து வந்து மறுத்துப் பேசவா போவுது?" கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து மேகம் பள்ளத்தாக்கை அடைத்துவிட்டது. பறக்க முடியாது. பறக்காத நாட்களில் சிக்னலர்கள் முறை வைத்து வயர்லெஸ் அறையில் உட்காருவோம்; அப்போது என் முறை. காலை பத்து மணிக்கு மலைமேல் முகாமிலிருந்து செய்தி வரும். முதல் நாள் வந்தது: உப்பு இல்லை. என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். இரண்டாம் நாள்: உப்பு இல்லை. எழுதினேன். அனுப்புகிற சிப்பாயின் விரல் எப்படித் தட்டும் என்பது எனக்கு அத்துப்படி. மூன்றாம் நாள் அந்த விரல் தடுமாறியது.

சாயங்காலம் கருப்பையா வந்து கேட்பார், "மேல என்ன சொல்றாங்க, விராலிமலையாரே?"

மூன்றாம் நாள் நான், "ஒண்ணும் வரல" என்றேன்.

"உப்பில்லாதவன் சும்மா இருக்க மாட்டானே" என்றார். போகத் திரும்பியவர், "கடல்ல போறப்ப கஞ்சிக்கு உப்பு மறந்துட்டா, ஒரு கை கடத்தண்ணிய அள்ளி ஊத்திக்குவோம். அங்க அதுவும் இல்ல" என்றார்.

ஐந்தாம் நாள் செய்தித் தாளோடு கேப்டன் முன்னால் நின்றேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "காற்று என்று நான் நினைத்தது தப்போ என்று தோன்றுகிறது. நீ அங்கே இருந்தாய். அந்த மீன்காரன் மணிக்குத்தான் உதைத்தானா?"

நண்பரே, யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் போதும். 'நான் மணிக்குத்தான் உதைத்தேன். அவர்தான் எப்போதும் மணிக்கு உதைப்பதில்லை.' ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் விதிப்படி நடந்தவன். அவர் நாள்தோறும் கேப்டனின் மணியை மீறியவர். அந்த வாசல், அந்த வானம், ஆத்தா வைத்த கோழித் தொடை, எல்லாம் அந்த ஒரு உண்மையில் போய்விடும். இவ்வளவு காலம் பொறாமைப்பட்டதற்குக் கூலி கையில் வந்து நின்றது. வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"மணிக்கு முன்னாலேயே நான் உதைத்துவிட்டேன், சார். அவர் தடுத்தார். தப்பு என்னுடையது" என்றேன்.

பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். அவரை மாற்றினால் அடுத்த மூட்டைகளும் பள்ளத்துக்குத்தான் போகும். 'உப்பு இல்லை' என்று ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நான்தான் எழுதவேண்டும். அந்தத் தடுமாறுகிற விரலை இன்னொரு நாள் கேட்க எனக்குத் தெம்பில்லை. கேப்டன் செய்தித் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "இனி உன் பெட்டியை விட்டு நகர்ந்தால் உன் மார்பில் இருப்பதைக் கழற்றிவிடுவேன்" என்றார். என் ஒற்றைச் சிறகைத்தான் சொன்னார்.

ஏழாம் நாள் மேகம் கலைந்தது. உப்பு ஏற்றிப் பறந்தோம். நான் என் பெட்டி முன், ஆணிகளுக்குப் பக்கத்தில். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் காதிலிருந்த வயர்லெஸ் இரைச்சல் அடங்கியது. பின்னால் மணி அடித்தது. என் கையை என் முழங்காலிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சு விட்டேன். கையை எடுத்தேன். காலடியில் விமானம் லேசாக எழும்பியது. மூட்டைகள் போய்விட்டன என்று அதை வைத்துத்தான் தெரிந்தது.

மறுநாள் பத்து மணிக்கு, 'உப்பு கிடைத்தது' என்று அந்தச் சிப்பாய் விரல் தடுமாறாமல் தட்டினான். எழுதிக் கொடுத்தேன். கேப்டன் கருப்பையாவைத் தேடிப் போய் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்து, "வானிலை?" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பது கருப்பையாவுக்குத் தெரியாது. விமானப்படையை விட்டு வந்து, புதுக்கோட்டைத் தந்தி ஆபீஸில் சேர்ந்த பிறகு ஒரு தடவை மீமிசலுக்குப் போனேன். அவரும் பட்டாளத்தை விட்டு வந்து வலை உலர்த்திக்கொண்டிருந்தார். தன் மனைவியிடம், "இவருதான் அவசரப்பட்டு மிதிச்சு ஒரு வாரம் மலைமேல சிப்பாய்ங்கள உப்பில்லாம அடிச்சவரு" என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவர் என்னைப் பெரிய மனுஷன் என்று சொல்லிவிடுவார். அதிலும் அவரே ஜெயித்துவிடுவார். பேசாமல் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த மலைக்கு இப்போது ரோடு போட்டுவிட்டார்களாம். உப்பு லாரியில் போகிறது. வேறு மலைகளுக்குப் பெரிய விமானங்கள் வந்துவிட்டன. அவற்றின் தரையில் உருளைகள் வைத்திருக்கிறார்கள், மூக்கை நிமிர்த்தினால் மூட்டைகள் தாமாகவே உருண்டு போய்விடுகின்றன என்று என்னோடு இருந்த ஒருவர் எழுதியிருந்தார். படுத்து உதைக்க ஆள் வேண்டியதில்லை. மணிக்கும் மூட்டைக்கும் நடுவே யாருடைய கன்னமும் வேண்டியதில்லை.

ஆபீஸில் எங்கள் மேலதிகாரி மேஜைமேல் ஒரு மணி வைத்திருக்கிறார். அடித்தால் உடனே போகவேண்டும். என்னால் முடிவதில்லை. ஒரு மூச்சு விட்டுத்தான் எழுந்திருக்கிறேன். "படித்த ஆள், இவ்வளவு மந்தமா?" என்று அவர் கடிந்துகொள்கிறார். முழங்காலிலிருந்து ஒரு கை எடுக்கப்பட வேண்டும், சார், என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கை இப்போது மீமிசலில் வலை உலர்த்திக்கொண்டிருக்கிறது.